ஒரு முக்கோண நீர்வழி

அயர்லாந்து நாட்டின் படத்தை விரித்து வைத்துப் பார்த்தால் கிழக்குக் கடற்கரையில் டப்ளின் மாநகரமும், நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கும் ஷானன் ஆறும் கண்ணில் படும். டப்ளினிலிருந்து இரண்டு கால்வாய்கள் புறப்பட்டு மேற்கே சென்று அந்த ஆற்றை இரண்டு இடங்களில் தொடுகின்றன. தென்புறமாகச் செல்வது கிராண்ட் கால்வாய். வடபுறமாகச் செல்வது ராயல் கால்வாய். ஆறு ஒரு பக்கமாகவும் கால்வாய்கள் இரு பக்கங்களாகவும் ஒரு முக்கோணம் அங்கே நீரால் அமைந்திருக்கிறது. 1946-ஆம் ஆண்டுக் கோடையில் ஆங்கில நாட்டைச் சேர்ந்த ஒரு கணவரும் மனைவியும், வாடகைக்கு எடுத்த ஒரு மோட்டார்ப் படகில் இந்த முக்கோணத்தைச் சுற்றி வந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் சென்றன. முக்கோணத்தின் ஒரு பக்கம் அறுந்து போயிற்று. அது மறுபடியும் சேர்வதற்கு 49 ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தம்பதியர் உல்லாசமாகச் சுற்றி வந்த வழி, பிற்காலத்தில் ஒரு வழக்கிற்குச் சாட்சி போல ஆன கதையையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

கணவரின் பெயர் டாம் ரோல்ட். மனைவியின் பெயர் ஏஞ்சலா. ரோல்ட் 1910-இல் செஸ்டர் நகரில் பிறந்தவர். ஸ்டோக் நகரத்தில் இரயில் எஞ்சின்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பயின்று பொறியாளர் ஆனவர். பின்னர் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் பழைய மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றைச் சிலருடன் கூட்டாக நடத்தி வந்தார். அப்பட்டறைக்குத் தம் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர்தாம் ஏஞ்சலா. எந்திரத்தின்மீது இருவருக்கும் இருந்த பற்று, வேறொரு பற்றாக மாறுவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு இதில் சம்மதமில்லை. ஆகவே 1939 ஜூலையில் இருவரும் வீட்டாருக்குத் தெரியாமல் மணம் செய்துகொண்டார்கள்.

மணமக்கள் குடிபுகுந்த வீடு ஒரு படகு. கிரெஸி என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் குதிரை இழுத்துச் சென்ற மரச் சரக்குப் படகு அது. அகலம் ஏழடி; நீளம் ஏறத்தாழ எழுபதடி. அகலம் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டின் நடுப்பகுதியில் கால்வாய் வெட்டியவர்கள், செலவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் பொருட்டு நீர்ப்பூட்டுகளை அந்த அளவுக்கே கட்டினார்கள். நீர்ப்பூட்டு என்பது இரு முனைகளிலும் கதவுகள் உள்ள கற்றொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, நீரை நிரப்பினால் படகு மேலே ஏறும். வடித்தால் கீழே இறங்கும். மேட்டையும் பள்ளத்தையும் படகு கடப்பது இவ்வாறே. நம்முடைய பக்கிங்காம் கால்வாயிலும் இத்தகையவை கட்டப்பட்டிருந்தன. கிரெஸியை ரோல்டின் மாமா முறையினர் ஒருவர் முன்பே வாங்கி அதில் எந்திரம் பொருத்திப் பார்த்தவர். அது கைமாறி, ஃபோர்டு கார் எந்திரம் ஒன்று பூண்டு, முடிவில் ரோல்டிடம் வந்து சேர்ந்தது. ஆக்ஸ்போர்டு கால்வாயின் மேலுள்ள பான்பரி ஊரில், படகு கட்டும் ஒரு சிறு துறையில் அதைச் செப்பனிட்டுப் படுக்கை அறையும் சமையலிடமும் புத்தக அலமாரியும் அமைத்தார்கள். குளிப்பதற்கு ஒரு தொட்டியும் வைத்தார்கள்.

ஜூலை 27-ஆம் நாள் கிரெஸி பான்பரியிலிருந்து வடக்கே புறப்பட்டது. மணிக்கு மூன்று மைல் வேகம். நடந்து செல்பவன் எளிதாக முந்திவிடுவான். லெஸ்டர் நகரம், பிறகு சோர் ஆறு, பிறகு டிரெண்ட் ஆறு, அதற்கப்பால் பழைய கால்வாய்த் துறைமுகமான ஷார்ட்லோ என்று ஊர் ஊராகத் தங்கிப் போனார்கள். வழியில் அவர்கள் கண்டது ஒரு தனி உலகம். படகிலேயே பிறந்து, படகிலேயே மணந்து, படகிலேயே மூப்படைந்த குடும்பங்கள் அந்நாளில் கால்வாய்களில் சரக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. பின்புறத்தில் உள்ள சிறிய அறையொன்றே அவர்களுக்கு வீடு. அந்த அறையின் கதவிலும் வாளியிலும் தண்ணீர்ப் பாத்திரத்திலும் ரோஜாப் பூக்களையும் கோட்டைகளையும் வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். எழுத்தறியாதவர்கள் பலர். ஆயினும் நூறு மைல் கால்வாயின் ஒவ்வொரு வளைவையும் இருட்டில் சொல்லக்கூடியவர்கள்.

இந்தக் கால்வாய்களுக்கு அப்போது நாள் எண்ணப்பட்டு வந்தது. 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் கோமகன் தம் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டு செல்லக் கால்வாய் வெட்டி வெற்றி கண்டது முதல் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கால்வாய்களின் காலம். அதன்பின் இரயில் வந்தது. இரயில் கம்பெனிகள் பல கால்வாய்களை விலைக்கு வாங்கின. வாங்கியது வளர்ப்பதற்கு அன்று, போட்டியை ஒழிப்பதற்கு. சட்டப்படி வழியை மூட முடியாது. ஆனால் தூர் வாராமல் விட்டுவிடலாம் அல்லவா? மண்மேடு உயரும், கதவு உளுத்துப்போகும், படகுகள் வருவது நிற்கும். ஒருவரும் வருவதில்லையே, இனி எதற்கு என்று பிறகு மன்றத்தில் கேட்டு மூடிவிடலாம். கொல்வதற்குக் கத்தி வேண்டியதில்லை என்பதை இரயில் கம்பெனிகள் அறிந்திருந்தன.

புறப்பட்ட ஆறாவது வாரத்தில் போர் மூண்டது. ரோல்ட், குரூ நகரில் விமான எந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஒரு கிராமத்து வார்ப்பாலை. அதன்பின் அரசாங்கத்தின் தளவாடத் துறை. கிரெஸி 1941 முதல் ஊஸ்டர்ஷயரில் உள்ள டார்ட்பிக் என்ற ஊரில் கட்டிக் கிடந்தது. அங்கே மலைச்சரிவில் 30 நீர்ப்பூட்டுகள் படிக்கட்டுப் போல் வரிசையாக உள்ளன. அந்நாட்டில் அதைவிட நீண்ட வரிசை வேறில்லை. தம் முதற் பயணத்தை ரோல்ட் நூலாக எழுதினார். பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்துப் படி பெட்டிக்குள் போயிற்று. கிராமிய வாழ்வைப் பற்றி எழுதி வந்த மாசிங்ஹாம் என்ற எழுத்தாளர் அதன் அருமையை உணர்ந்து பரிந்துரைக்க, 1944 டிசம்பரில் ‘நேரோ போட்’ என்ற பெயருடன் அது வெளிவந்தது. குண்டு வீச்சிலும் இருட்டடிப்பிலும் பங்கீட்டிலும் சலித்துப் போயிருந்த மக்கள் அந்நூலை ஆவலோடு வாங்கினார்கள். அதைப் படித்த இராபர்ட் எய்க்மன் என்ற இலண்டன் இளைஞர் ரோல்டுக்குக் கடிதம் எழுதினார். 1945-இல் டார்ட்பிக்குக்கு நேரில் வந்தார். 1946 பிப்ரவரியில் இலண்டனில் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. எய்க்மன் தலைவர், ரோல்ட் செயலாளர்.

சங்கம் தோன்றிய அந்த ஆண்டின் கோடையிலேதான் ரோல்டும் ஏஞ்சலாவும் அயர்லாந்து சென்றார்கள். கிரெஸி அந்நாட்டுக்குக் கடல் கடந்து போகக்கூடியதன்று. ஆகவே லெ காக் என்ற மோட்டார்ப் படகை வாடகைக்கு எடுத்தார்கள். முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் அவர்கள் சென்ற வரிசையை விட்டு, பழமையின் வரிசைப்படி பார்ப்போம்.

முதலில் ஆறு. ஷானன் அயர்லாந்தின் மிக நீண்ட ஆறு. ஏறத்தாழ 224 மைல். பெரும் பகுதி சமவெளியில் செல்வதால் நிதானமாக ஓடும். அங்கங்கே ஏரியாக விரியும். ரீ ஏரியில் காற்று எழும்போது அலை கடலைப் போல் இருக்கும். அந்த ஏரியின் தென்முனையில் இருக்கிறது அத்லோன். ஊர்ப்பெயரின் பொருளே ஆற்றைக் கடக்கும் துறை என்பது. மேற்கு நாட்டுக்குச் செல்ல வேண்டிய படை எதுவாயினும் இங்கே கடக்க வேண்டும். ஆகையால் 1210-இலேயே கோட்டை எழுந்தது. 1691 ஜூனில் வில்லியம் மன்னருடைய படை இந்நகரை முற்றுகையிட்டது. பாலத்தின் உடைந்த வளைவுமீது எதிரிகள் பலகை பரப்பி முன்னேற முயன்றபோது, கஸ்டியூம் என்ற சார்ஜன்டும் அவருடன் சில வீரர்களும் குண்டு மழைக்கு நடுவே சென்று அப்பலகைகளைப் பெயர்த்து ஆற்றில் தள்ளினார்கள். அவர்கள் மாண்டார்கள், பலகைகள் போயின. சில நாள் கழித்து எதிரிகள் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து நகரைப் பிடித்தார்கள். அயர்லாந்தின் சிறுவர்கள் பாடப் புத்தகத்தில் படிக்கும் செய்தி இது. இன்று அங்குள்ள கற்பாலம் 1844-ஐச் சேர்ந்தது. அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அத்லோன் பாலம் இக்கதையில் மீண்டும் வரும்.

அத்லோனுக்குத் தெற்கே, கரையின் மேட்டில், கூரையற்ற கோயில்களும் உருண்டையான கற்கோபுரங்களும் செதுக்கிய கற்சிலுவைகளும் தெரியும். அது கிளோன்மக்னாய்ஸ். ஆறாம் நூற்றாண்டின் நடுவில் கியாரன் என்ற துறவி நிறுவிய மடம் அது. கிழக்கிலிருந்து மேற்கே போகும் பழைய மேட்டுச்சாலை ஆற்றைச் சந்திக்கும் இடத்தில் அமைந்ததால் அது மடமாக மட்டும் நிற்கவில்லை. கல்வி நகரமாகவும் கைவினை நகரமாகவும் வளர்ந்தது. வைக்கிங்குகள் ஆற்றின் வழியே படகில் வந்து கொள்ளையிட்டார்கள். முடிவாக அதைப் பாழாக்கியது 1552-இல் அத்லோனிலிருந்து சென்ற ஆங்கிலப் படை. எந்த ஆறு மாணாக்கர்களைக் கொண்டுவந்ததோ அந்த ஆறே கொள்ளைக்காரர்களையும் கொண்டுவந்தது.

இன்னும் கீழே ஷானன்பிரிட்ஜ். நெப்போலியன் படை மேற்குக் கரையில் இறங்கிவிடும் என்ற அச்சத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலத்தின் வாயிலில் ஒரு பெரிய அரண் கட்டினார்கள். பிரெஞ்சுப் படை வரவில்லை, அரண் நிற்கிறது. அதற்கு அப்பால் பனஹர். அந்தோனி டிராலப் என்ற நாவலாசிரியர் 1841-இல் தபால் இலாகாவின் சிறு உத்தியோகஸ்தராக வந்து சேர்ந்த ஊர் இது. இலண்டனில் கடனும் அவப்பெயருமாக இருந்த இளைஞர், ஷானன் கரைக்கு வந்த பிறகே எழுதத் தொடங்கினார். ஆற்றின் மேற்பகுதியில் டிரம்ஸ்னா என்னும் ஊரருகே பாழடைந்த மாளிகை ஒன்றைக் கண்டதே அவருடைய முதல் நாவலுக்கு வித்தாயிற்று. 1854-இல் புதுமணப்பெண்ணாகப் பனஹருக்கு வந்தவர் சார்லட் பிராண்டி. அவருடைய கணவர் வளர்ந்த ஊர் அது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். கணவர் பிற்காலத்தில் அங்கே திரும்பி வந்து முதுமையைக் கழித்தார்.

1840-களில் அரசாங்கம் இந்த ஆற்றைப் பெரும் பொருட்செலவில் சீர்ப்படுத்தியது. நீராவிக் கப்பல் செல்லும் அளவுக்கு நீர்ப்பூட்டுகள் கட்டினார்கள். பாலங்களில் திறந்து மூடும் கண் வைத்தார்கள். வேலை முடிந்த சில ஆண்டுகளில் இரயில் வந்து கப்பல்களின் வாழ்வை முடித்துவிட்டது. ஆகவே ரோல்ட் தம்பதியர் வந்தபோது ஷானன், பெரிய மாளிகையில் ஒரே ஒரு காவற்காரன் இருப்பதுபோல இருந்தது. கிராண்ட் கால்வாய்க் கம்பெனியின் சரக்குப் படகுகளும், மீன் பிடிப்போர் ஓடங்களும், உள்ளூர்க் கனவான்களின் சில உல்லாசப் படகுகளும் தவிர வேறில்லை.

இரண்டாம் பக்கம் கிராண்ட் கால்வாய். 1750-களில் தொடங்கி 1804-இல் ஷானனை எட்டியது. டப்ளினிலிருந்து 82 மைல், 43 நீர்ப்பூட்டுகள். இடையில் ஆலன் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. ஈரப் பஞ்சு போன்ற அந்த நிலத்தில் கால்வாய் வெட்டினால் இருபுறமும் நிலம் அமிழ்ந்து கரை மட்டும் உயர்ந்து நின்றது. கரை உடைந்து பல முறை அழிவு நேர்ந்தது. அச்சதுப்பைக் கடப்பதற்கே பல ஆண்டுகள் சென்றன. பிரயாணிகளுக்காகக் கம்பெனி வழிநெடுக விடுதிகள் கட்டியது. ஷானன் துறையில் கட்டிய விடுதி இடிந்த சுவராக நின்று அக்காலப் பெருமையைக் காட்டுகிறது. 1852-இல் பிரயாணிப் படகுகள் நின்றுவிட்டன. சரக்குப் படகுகள் நிற்கவில்லை. 1911 முதல் சுவீடன் நாட்டு எந்திரம் பொருத்திய இரும்புப் படகுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பதில் ஓர் எண். அதனோடு மோட்டாரைக் குறிக்கும் ஓர் எழுத்து. டப்ளினிலிருந்து பீர்ப் பீப்பாய்களும், எதிர்த் திசையிலிருந்து தானியமும் சென்றன. இரண்டாம் உலகப் போரில் ஆங்கில நிலக்கரி வருவது குறைந்தபோது, சதுப்பில் வெட்டிய கரிமண் கட்டிகளைத் தலைநகரின் அடுப்புகளுக்குக் கொண்டுசென்றது இக்கால்வாயே. அதற்கென்று மரப்படகுகள் புதிதாகச் செய்து, குதிரை பூட்டி இழுத்தார்கள். 1946-இல் ரோல்ட் கண்டது உழைத்துக்கொண்டிருந்த கால்வாய்.

மூன்றாம் பக்கமான ராயல் கால்வாயின் நிலை வேறு. அது தோன்றியதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கிராண்ட் கால்வாய்க் கம்பெனியின் நிருவாகிகளில் ஒருவர் முன்னாளில் செருப்புத் தொழில் செய்தவராம். மற்றவர்கள் அதைச் சொல்லி இழிவு செய்யவே, உங்கள் கால்வாய்க்குப் போட்டியாக வேறொன்று வெட்டுகிறேன் பார் என்று சபதம் செய்து வெளியேறினாராம். செருப்புக்காரர் கால்வாய் என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. கதையை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. ஆனால் கோபத்தால் வெட்டியது என்று சொன்னால் நம்பத் தோன்றும் அளவுக்கு அதன் போக்கு இருக்கிறது. 1790-இல் தொடங்கினார்கள். பங்கு வாங்கிய லென்ஸ்டர் கோமகன் தம் ஊரான மெய்னூத் வழியாகக் கால்வாய் செல்ல வேண்டும் என்றார். அதற்காக ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே பேரணை எழுப்பி அதன்மேல் கால்வாயைக் கொண்டுபோக நேர்ந்தது, பணம் கரைந்தது. முல்லிங்கார் ஊரை அடைந்து அதை மூன்று புறமும் வளைத்துச் செல்வதற்குள் கம்பெனி நொடித்தது. அரசாங்கமே எடுத்து முடித்து 1817-இல் குளூன்டாரா என்ற சிற்றூரில் ஷானனோடு சேர்த்தது. 90 மைல், 46 நீர்ப்பூட்டுகள், போட்டிக் கால்வாய் ஏற்கெனவே பதின்மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது.

1845-இல் ஓர் இரயில் கம்பெனி இதை முழுவதுமாக வாங்கியது. கால்வாயின் கரை நிலம் சமமாக இருந்ததால் அதன்மேல் தண்டவாளம் போடலாம் என்பதே நோக்கம். இன்றும் டப்ளினிலிருந்து முல்லிங்கார் வரை இரயிலும் கால்வாயும் அடுத்தடுத்துச் செல்வதைக் காணலாம்.

அதே 1845-இல்தான் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பெரும்பஞ்சம் அயர்லாந்தைப் பிடித்தது. 1847-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற ஊரில் ஒரு நிலப்பிரபு தம் குடியானவர்களில் 1,490 பேரை நாட்டைவிட்டே அனுப்பினார். கிழவரும் குழந்தைகளுமாக அவர்கள் குளூன்டாராவுக்கு வந்து, ராயல் கால்வாயின் கரைப்பாதை வழியே டப்ளின் வரை நடந்தார்கள். குதிரைகள் படகை இழுப்பதற்காகப் போட்ட பாதை அது. அவர்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில் பக்கத்து நீரில் தானியப் படகுகள் அதே திசையில் துறைமுகத்துக்குச் சென்றன. டப்ளினிலிருந்து லிவர்பூல், அங்கிருந்து கனடாவின் கியூபெக். கடலிலும் கரையிறங்கும் தீவிலும் மாண்டவர் மிகப் பலர். அந்த நிலப்பிரபுவை அவ்வாண்டு நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கால்வாயைப் பயனற்ற குட்டை என்று எழுதித் தள்ளும் அதிகாரி, அதன் கரையில் இத்தகைய சுவடு இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நூறாண்டு கழித்து லெ காக் அந்நீரில் சென்றபோது வாணிபப் படகுகளை விரல்விட்டு எண்ணலாம். களை மண்டியிருந்தது. நீர்ப்பூட்டுக் காவலர்களில் பலருக்குத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. ஆயினும் கதவுகள் திறந்தன, படகு சென்றது. அந்தச் சிறு உண்மைக்குத்தான் பின்னால் பெருமதிப்பு ஏற்பட்டது. ரோல்ட் தம் பயணத்தை ‘கிரீன் அண்ட் சில்வர்’ என்ற நூலாக 1949-இல் வெளியிட்டார். பச்சை நிலமும் வெள்ளி நீரும் என்பது தலைப்பின் குறிப்பு. வழியிலுள்ள நீர்ப்பூட்டுகளையும் ஊர்களையும் துறைகளையும் பொறியாளரின் கண்ணோடு அவர் குறித்தார். ஒளிப்படங்கள் ஏஞ்சலா எடுத்தவை. இந்தப் பயணங்களைப் பற்றிப் பேசுபவர்கள் ரோல்டின் பெயரை மட்டும் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் சுக்கானைப் பிடித்தால் மற்றவர் கரையில் இறங்கிக் கதவைத் தள்ள வேண்டும்; இரண்டு பேர் இல்லாமல் நீர்ப்பூட்டு வழியே செல்வது பெரும்பாடு.

அவர்கள் நாடு திரும்பிய மறு ஆண்டில் ஒரு நிகழ்ச்சி. பர்மிங்ஹாம் அருகே லிஃபோர்டு என்ற இடத்தில், கால்வாயின் குறுக்கே இருந்த திறக்கும் பாலத்தைப் போர்க்காலத்தில் எடுத்துவிட்டு அசையாத இரும்புப் பாலம் ஒன்றை வைத்திருந்தார்கள். படகு போக முடியாது. பிரபுக்கள் சபையில் கேள்வி கேட்கப்பட்டது. முன்னறிவிப்புக் கொடுத்தால் பாலம் தூக்கப்படும் என்று பதில் வந்தது. கேட்பவர் யாரும் வரமாட்டார்கள் என்ற எண்ணத்தில் சொன்ன பதிலாக இருக்கலாம். ரோல்ட் உடனே அறிவிப்புக் கொடுத்தார். 1947 மே 20-ஆம் நாள் கிரெஸி அங்கே வந்து நின்றது. இரயில் கம்பெனியின் ஆட்கள் கூடி, ஜாக்கி வைத்துப் பாலத்தை அங்குலம் அங்குலமாக உயர்த்தினார்கள். சேற்றில் அடிப்பலகை உராய, கிரெஸி அடியில் நுழைந்து சென்றது. உரிமை என்பது ஏட்டில் இருந்தது. அன்று அது தண்ணீரில் இறங்கியது.

தம்பதியரின் வாழ்வு இதன்பின் நெடுநாள் ஒன்றாகச் செல்லவில்லை. சங்கத்தில் எய்க்மனுக்கும் ரோல்டுக்கும் கருத்து வேற்றுமை முற்றியது. எல்லாக் கால்வாய்களையும் காக்க வேண்டும் என்றார் எய்க்மன். உழைக்கும் படகுக்காரர்கள் வாழும் வழிகளை முதலில் காக்க வேண்டும் என்பது ரோல்டின் எண்ணம். 1951-இல் ரோல்ட் தாம் தோற்றுவித்த சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே கிரெஸியின் மரம் உளுத்துவிட்டது தெரிந்து அதைக் கைவிட நேர்ந்தது. ஏஞ்சலாவும் விலகிச் சென்றார். ஒரு சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார் என்று அறிகிறோம். நிலையான வீட்டில் அவர் மனம் நிற்கவில்லை போலும். ரோல்ட் வேல்ஸ் நாட்டில் அழியவிருந்த டாலிலின் என்ற சிறு இரயில் பாதையைத் தொண்டர்களைக் கொண்டு நடத்திக் காட்டினார். பொறியாளர்களின் வரலாறுகள் பல எழுதி, 1974-இல் காலமானார்.

இனி அயர்லாந்துக்குத் திரும்புவோம். ராயல் கால்வாயின் கடைசி வாணிபப் படகு 1951-இல் தொழிலை நிறுத்தியது. அதே சமயத்தில் ஷானன் ஆற்றுக்கே ஆபத்து வந்தது. திறக்கும் பாலங்களைப் பேணுவது வீண் செலவு, தாழ்வான அசையாப் பாலங்கள் போதும் என்ற பேச்சு எழுந்தது. அத்லோன் பாலமும் அதில் அடங்கும். அப்படிச் செய்திருந்தால் ஆறு துண்டு துண்டாகப் போயிருக்கும். அத்லோனைச் சேர்ந்த ஹாரி ரைஸ் என்ற ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியும் அவருடைய நண்பர்களும் கிளர்ச்சி செய்து 1954-இல் அயர்லாந்து நீர்வழிச் சங்கத்தை நிறுவினார்கள். ஆறு தப்பியது. கிராண்ட் கால்வாயில் 1960-இல் சரக்குப் போக்குவரத்து நின்றது. டப்ளின் நகருக்குள் அதைத் தூர்த்துக் கழிவுநீர்க் குழாய் பதித்து மேலே சாலை போடலாம் என்று நகராட்சி திட்டமிட்டது, மக்கள் எதிர்த்தார்கள், அதுவும் தப்பியது. ராயல் கால்வாய்க்கு மட்டும் பேசுவார் இல்லை. 1961-இல் அது சட்டப்படி மூடப்பட்டது. மேற்குப் பகுதியில் நீர் வடிந்து புல் முளைத்தது. சாலைகள் வந்த இடங்களில் வளைவுப் பாலங்களுக்குப் பதில் வெறுங்குழாயைப் புதைத்து மேலே தார் போட்டார்கள்.

1974-இல் டப்ளினைச் சேர்ந்த சிலர் கூடி ராயல் கால்வாய்க் குழு ஒன்றை அமைத்தார்கள். முதலில் அரிவாளும் மண்வெட்டியுமே அவர்களுடைய கருவிகள். சனி ஞாயிறுகளில் களை பறித்தார்கள்; நீர்ப்பூட்டுகளின் கதவுகளைப் புதிதாகச் செய்தார்கள். 1980-களில் அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையும், 1999-இல் ஏற்பட்ட இரு அயர்லாந்துக்கும் பொதுவான நீர்வழி நிறுவனமும் பொறுப்பேற்றன. இதற்கிடையே வடக்கே வேறொரு விந்தையும் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருஞ்செலவில் வெட்டி, ஒன்பது ஆண்டுகளில் எட்டே படகுகள் சென்று, பின்பு பாழாகிக் கிடந்த கால்வாய் ஒன்றை 1994-இல் திறந்து, ஷானனை வட அயர்லாந்தின் எர்ன் ஏரியோடு இணைத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகக் குண்டும் துப்பாக்கியுமாக இருந்த எல்லையை உல்லாசப் படகுகள் ஓசையின்றிக் கடந்தன.

பயனற்றவை என்று ஒதுக்கியவை எல்லாம் பயன்படத் தொடங்கியதைக் கண்ட பிறகு, ராயல் கால்வாய்க்கும் பணம் கிடைத்தது. புதைத்த குழாய்களைத் தோண்டி எடுத்துப் படகு நுழையும் பாலங்கள் கட்டினார்கள். 2010 அக்டோபரில் குளூன்டாராவில் 46-ஆம் நீர்ப்பூட்டின் கதவு திறந்தது. படகுகள் காம்லின் சிற்றாற்றில் இறங்கி ஷானனை அடைந்தன. பஞ்சத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மக்கள் நடந்த கரைப்பாதை இப்போது அவர்கள் நினைவாக அடையாளக் கற்களுடன் நடைவழியாக அமைந்திருக்கிறது. லெ காக் சென்ற முக்கோணத்தை விரும்புவோர் முழுமையாகச் சுற்றி வரலாம். டப்ளினில் ஓர் இரயில் பாலம் மிகத் தாழ்வானது. அதைத் தூக்குவதற்கென்று ஆண்டில் சில நாட்கள் குறித்திருக்கிறார்கள். படகுக்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அந்நாள் வரும் வரை துறையில் காத்திருக்கிறார்கள்.